வாலஸ் டார்டன் கட்டத்தைக் குழித்தறியில் நெய்வது எப்படி? இழைக்கணக்கு, ட்வில், சாயம்

வீரவநல்லூர் தறிவீடு:

வணக்கம். பாளையங்கோட்டையில ஒரு பள்ளிக்கூடத்து பேக்பைப் வாத்தியக் குழுவுக்குத் தோள்ல போடுத துணி 40 மீட்டர் கேட்டிருக்காங்க. டார்டன்ங்கது ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணி, அதுல வாலஸ் குலத்துக் கட்டம்தான் வேணுமாம். சீட்டுல எழுதித் தந்த கணக்கு இதுதான்:

கறுப்பு /4, சிவப்பு 32, கறுப்பு 32, மஞ்சள் /4

நம்ம தறி குழித்தறி. 60 நம்பர் அச்சு (இழையைப் பிரிச்சு நிறுத்துத சீப்பு), அதாவது அங்குலத்துக்கு 30 பல்லு, பல்லுக்கு 2 இழை. அச்சு அகலம் 42 அங்குலம். நூல் 2/40 பருத்தி, அதாவது 40 நம்பர் இழை ரெண்டைச் சேத்து முறுக்கினது. இதுவரை அதுல சாரமும் (லுங்கி) துண்டும்தான் ஓடிருக்கு, ரெண்டு மிதி, சாதா நெசவு. கேக்க வேண்டியது நாலு. அந்தச் சாய்கோடு எதுக்கு? நாலையும் கூட்டினா 72 இழை, அதையே திரும்பத் திரும்பப் போட்டாப் போதுமா? சாதா நெசவுலயே முடிக்கலாமா? நூல் எவ்வளவு வாங்கணும்? கணக்கோட சொன்னா உதவியா இருக்கும் அண்ணாச்சி.


அச்சுப்பல்லு:

72 இழையை அப்படியே அடுக்கிட்டீங்கன்னா அது வாலஸ் கட்டமா இருக்காது, முதல்ல அதைச் சொல்லிடுதேன். பெரும்பாலான டார்டன் மாதிரி இதுவும் திரும்பி ஓடுத கட்டம். சாய்கோடு போட்ட ரெண்டும் திருப்பம். கறுப்பு 4-ல ஆரம்பிச்சு மஞ்சள் 4 வரை போய், அங்கிருந்து வந்த வழியே திரும்பி வரணும். திருப்பத்துல நிக்கிற கோட்டை மட்டும் ரெண்டு தடவை போடக்கூடாது. அதனால முழுக் கட்டம் இப்படி வரும்: கறுப்பு 4, சிவப்பு 32, கறுப்பு 32, மஞ்சள் 4, கறுப்பு 32, சிவப்பு 32. கூட்டினா 136. அடுத்தாப்ல மறுபடி கறுப்பு 4.

இதுல வழக்கமா நடக்குத பிழை ரெண்டு. மஞ்சளை 4 போட்டு, திரும்பும்போது இன்னொரு 4 போட்டு 8 ஆக்கிடுவாங்க. கோடு தடிச்சுக் கட்டத்தோட முகமே மாறிப்போகும். இன்னொன்னு, மஞ்சளுக்குப் பிறகு திரும்பாம நேரா கறுப்பு 4-க்குத் தாவிடுவாங்க. அப்போ மஞ்சள் கோட்டுக்கு ஒரு பக்கம் அகலக் கறுப்பு, மறுபக்கம் ஒல்லிக் கறுப்புன்னு கோணலா நிக்கும். மஞ்சள் கோடு எப்பவும் ரெண்டு அகலக் கறுப்புக்கு நடுவுலயும், ஒல்லிக் கறுப்பு எப்பவும் ரெண்டு சிவப்புக்கு நடுவுலயும் இருக்கணும். பாவு (நீளவாக்கு இழை) சரியா ஓடியிருக்கான்னு பாக்க இந்த அடையாளம் போதும்.

சில பழைய சீட்டுல திருப்பக் கோட்டுல பாதியை மட்டும் எழுதியிருப்பாங்க. ஸ்காட்லாந்து அரசோட டார்டன் பதிவேட்டுல திருப்பத்தை முழுசாத்தான் குறிக்காங்க. உங்க சீட்டுலயும் 4-ன்னா முழு 4-தான்.

இனி அளவு. 60 அச்சுல 136 இழை ரெண்டே கால் அங்குலத்துல முடிஞ்சிரும். பையன் தோள்ல கிடக்கும்போது பொடிக் கட்டமாத் தெரியும், தூரத்துல இருந்து பாத்தா சிவப்பும் கறுப்பும் கலங்கிப் போகும். எல்லாத்தையும் ரெட்டிச்சிருங்க: கறுப்பு 8, சிவப்பு 64, கறுப்பு 64, மஞ்சள் 8, கறுப்பு 64, சிவப்பு 64. மொத்தம் 272. விகிதம் மாறாததால கட்டம் அதேதான். பாவுல 9 கட்டம் போட்டா 2448 இழை. கடைசியில ஒரு கறுப்பு 8 சேத்து 2456 ஆக்கினா ரெண்டு ஓரமும் ஒரே மாதிரி கறுப்புத் திருப்பத்துல முடியும். ஓரத்துக்குப் பக்கத்துக்கு 16 கறுப்பு இழை, பல்லுக்கு 4 வீதம். ஆகமொத்தம் 2488 இழை. அச்சுல 1236 பல்லு, 41 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. உங்க 42-க்குள்ள அடங்கிரும்.

ரெட்டிச்சதுல பாவு ஓடுதவங்களுக்கும் வேலை லேசாகும். எல்லா எண்ணும் 8-ல வகுபடுது. ஒரே நிறத்துல 8 கண்டு (நூல் சுத்தின உருளை) மாட்டி ஓடுனா கறுப்பு 1 போக்கு, சிவப்பு 8, கறுப்பு 8, மஞ்சள் 1, கறுப்பு 8, சிவப்பு 8. ஒரு கட்டத்துக்கு 34 போக்கு. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் ஒரு நூலால முடிச்சு போட்டு அடையாளம் வைங்க. 2456 இழையையும் ஓடி முடிச்ச பிறகு நடுவுல 8 சிவப்பு குறையுதுன்னு தெரிஞ்சா, அதைச் சரிபண்ணப் பட்டபாடு பெரும்பாடாப் போயிரும்.

நூல் கணக்கு: 40 மீட்டர் துணிக்கு, சுருக்கத்துக்கு 6 சதவீதமும் தறிக் கழிவும் மாதிரித் துண்டும் சேத்து, 45 மீட்டர் பாவு வைங்க. 2/40 நூல் கிலோவுக்கு ஏறக்குறைய 33,800 மீட்டர் ஓடும். பாவுக்கு 3.3 கிலோ, ஊடைக்கு (குறுக்கு இழைக்கு) 3.2 கிலோ. சேதாரம் சேத்து வாங்கும்போது கறுப்பு 3½ கிலோ, சிவப்பு 3¼ கிலோ, மஞ்சள் 10 சிட்டம் (840 கெஜ நூல் கட்டு). மஞ்சள் எட்டரை சிட்டம்தான் செலவாகும், ஆனா கடைசியில அதே மஞ்சளைத் தேடி அலையதை விட ஒண்ணரை சிட்டம் மிச்சம் இருக்கது நல்லது.


மேலப்பாளையம் சாரம்:

சாதா நெசவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இரண்டு காரணம் உண்டு.

முதலாவது கண்ணுக்குத் தெரிவது. டார்டன் என்றால் இரண்டு மேல், இரண்டு கீழ் போகிற ட்வில். சிவப்புப் பாவைக் கறுப்பு ஊடை கடக்கும் இடத்தில் கலப்பு நிறம் சாய்வான கோடுகளாக விழும். சாதா நெசவில் அதே இடம் மிளகு தூவியது போலப் பொடிப் புள்ளியாகிவிடும். மூன்று நிறம் உள்ள டார்டனில் ஆறு நிறம் தெரிய வேண்டும்: தன்னைத்தானே கடக்கும் இடத்தில் மூன்று முழு நிறம், ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் மூன்று கலப்பு. மஞ்சளைக் கவனித்துப் பாருங்கள். கறுப்பின் மேல் ஓடும்போது அது விட்டுவிட்டுத் தெரியும் சாய்ந்த தையல் மாதிரி இருக்கும். மஞ்சள் பாவும் மஞ்சள் ஊடையும் சந்திக்கிற எட்டுக்கு எட்டு இழைச் சதுரத்தில் மட்டும் முழு மஞ்சளாகப் பளிச்சிடும். அந்தச் சின்னச் சதுரம் சுத்தமாக வந்தால் மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பலாம்.

இரண்டாவது காரணம் தறியில். டார்டனில் பாவும் ஊடையும் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சதுரம் நீள்சதுரமாகும். 60 அச்சில் நெய்து இறக்கினால் துணி அகலத்தில் ஒடுங்கி, அங்குலத்துக்கு 64 இழை நிற்கும். அதே 64 ஊடை உள்ளே போக வேண்டும். இந்தப் பருமன் நூலில் சாதா நெசவுக்கு 62-க்கு மேல் இடமே கிடையாது. கைத்தறி அடியில் 50-ஐத் தாண்டுவதே கஷ்டம். ட்வில்லில் இழை இரண்டிரண்டாக மிதப்பதால் 80 வரை இடம் உண்டு, 64 தாராளமாகப் போகும், துணியும் தோளில் மடிந்து விழும். சாரத்தில் கட்டம் கொஞ்சம் நீண்டிருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். டார்டனில் அது முதல் பார்வையிலேயே தெரியும்.

ஆகவே நான்கு விழுது (பாவு இழையைத் தூக்கும் கண்கள் கொண்ட சட்டம்), நான்கு மிதி. இழை கோர்ப்பது நேராக 1, 2, 3, 4. ஒரு விழுதுக்கு 622 கண். மிதி வரிசை: 1-2 தூக்கு, 2-3 தூக்கு, 3-4 தூக்கு, 4-1 தூக்கு. எட்டும் அறுபத்து நான்கும் நான்கில் வகுபடுவதால் ஒவ்வொரு பட்டையிலும் சாய்வு ஒரே இடத்தில் தொடங்கும்.

ட்வில்லுக்குப் புதிதாக வருகிறவர்களைத் திணற வைப்பது ஓர இழை. நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் ஓடம்) போய்த் திரும்பும்போது கடைசி இழை இரண்டு முறையும் ஒரே நிலையில் நின்றால் ஊடை அதைப் பிடிக்காமல் நழுவி வரும், ஓரம் தொங்கும். இதற்குத் தனி விழுது தேவையில்லை. நேர்க் கோர்ப்பில், இழை எண்ணிக்கை நான்கில் வகுபட்டால், நாடாவை ஒரு பக்கத்திலிருந்து தொடங்கினால் இரண்டு ஓரமும் பிடிக்கும், மறுபக்கத்திலிருந்து தொடங்கினால் இரண்டுமே பிடிக்காது. முதல் நான்கு ஊடையைப் போட்டுப் பாருங்கள். ஓரம் நழுவினால் அதைப் பிரித்துவிட்டு, அதே மிதி வரிசையை எதிர்ப் பக்கத்திலிருந்து நாடாவை விட்டு ஆரம்பியுங்கள், அவ்வளவுதான்.

ட்ராப் பாக்ஸ் (பல நிற நாடாக்களை வைத்து மாற்றும் பெட்டி) இருந்தால் மூன்று அறை போதும். ஒரு பக்கம் மட்டும் பெட்டி என்றால் போன நாடா திரும்பி அதே பக்கம் வந்த பிறகுதான் நிறம் மாற்ற முடியும், ஆகவே ஊடை எண்ணிக்கை எல்லாம் இரட்டையாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் எல்லாமே இரட்டைதான். ட்ராப் பாக்ஸ் இல்லையென்றாலும் பயமில்லை. ஒரு கட்டத்துக்கு, அதாவது நாலேகால் அங்குலத்துக்கு, ஆறு முறைதான் நிறம் மாறும். கையால் நாடாவை மாற்றிக்கொள்ளலாம். கறுப்பையும் சிவப்பையும் ஓரத்தோடு அடுத்த பட்டைக்கு இழுத்துச் செல்லலாமா என்றால், ஒரு அங்குலத்துக்கு மேல் இழுக்காதீர்கள், ஓரம் சுருங்கும். மஞ்சளை ஒவ்வொரு முறையும் வெட்டி, ஒரு அங்குல நுனியை அடுத்த ஊடையோடு உள்ளே மடித்து விடுங்கள். சிவப்பும் நீண்ட இடைவெளி விடுகிற இடத்தில் அப்படித்தான்.


அச்சுப்பல்லு:

மேல சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிடுங்க. தறியில இழுவையில இருக்கும்போது 64 ஊடை எண்ணி நெய்தா, இறக்கின பிறகு நீளம் சுருங்கி 66-க்குப் போயிரும். கட்டம் குட்டையாத் தெரியும். தறி மேல அங்குலத்துக்கு 62 வச்சா இறக்கினதும் 64-ல வந்து நிக்கும். இதைக் கண்ணால பிடிக்க முடியாது. ஒரு அட்டைத் துண்டை வெட்டி, ஒரு முழுக் கட்டத்தோட நீளம் 4⅜ அங்குலம்னு குறிச்சு, அதுக்குள்ள ஆறு பட்டைக்கும் கோடு போட்டு, நெய்த துணி மேல வச்சு வச்சுப் பாருங்க. ஒவ்வொரு பட்டையும் அந்தந்தக் கோட்டுல விழணும்.

ஏன் பட்டைக்குப் பட்டை பாக்கச் சொல்லுதேன்னா, அடர் கறுப்புச் சாயம் ஏறின நூல் கொஞ்சம் முரடா இருக்கும், அதே அடிக்குச் சிவப்பு அளவுக்கு நெருங்காது. 64 சிவப்பு ஒரு அளவுக்கும் 64 கறுப்பு அதைவிட நீளமாவும் நிக்கும். கறுப்பு வரும்போது அடியைச் சிறிது கூட்டணும். தார் (நாடாவுக்குள்ள போடுத ஊடை நூல் சுருள்) சுத்தும்போது ரெண்டு நிறத்துக்கும் ஒரே இறுக்கம் இருக்கணும்.

முதல் அரை மீட்டரை மாதிரிக்கு நெய்து வெட்டி, துவைச்சு, காயவச்சு, அகலவாக்குலயும் நீளவாக்குலயும் ஒரு கட்டத்தை அளங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா ஓட்டுங்க. நீளவாக்கு கூட இருந்தா ஊடையைக் கூட்டணும், குறைஞ்சா ஊடையைக் குறைக்கணும். அளவுகோல் இல்லாமலும் பாக்கலாம்: ஒரு மஞ்சள் சதுரத்துல இருந்து மூலைவாட்டாத் துணியை மடிச்சா மடிப்பு அடுத்த மஞ்சள் சதுரத்தோட நடுவுல போகணும். விலகினா கட்டம் சதுரம் இல்லை.

ஆனி ஆடிக் காத்துல பாவு வறண்டு இழை அறும். குழிக்குள்ள தண்ணி தெளிச்சு ஈரச்சாக்கு போட்டு வைங்க. முறுக்கு நூல்ங்கதால கஞ்சி லேசாப் போதும். கனமா ஏத்தினா விழுதுல உரசிப் பொடி உதிர்ந்து மஞ்சள் மங்கிப்போகும்.


சாயக்கொப்பரை:

நூலைச் சாயம் போட்டு வாங்குகிறீர்களா, வெள்ளையாக வாங்கிப் பட்டறையில் கொடுக்கிறீர்களா என்று சொல்லவில்லை. எப்படியானாலும் இந்தக் கட்டத்தில் ஆபத்து முழுக்கச் சிவப்பில்தான் இருக்கிறது. முதல் துவைப்பில் சிவப்பு இறங்கினால் கறுப்புக்கு ஒன்றும் ஆகாது, மஞ்சள் ஆரஞ்சாகிவிடும். பிறகு அந்தத் துணி வாலஸ் இல்லை.

வாட் சாயத்தில் (துவைத்தால் எளிதில் இறங்காத வகை) சரியான சிவப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். ரியாக்டிவ் சாயமென்றால் (நூலோடு வேதிமுறையில் சேரும் வகை) சாயம் ஏற்றுவதைவிட அதன் பிறகு அலசுவதுதான் முக்கியம். 3¼ கிலோ சிவப்புக்கு 65 லிட்டர் தண்ணீர் வைத்தால், லிட்டருக்கு 60 கிராம் கணக்கில் உப்பு கிட்டத்தட்ட 4 கிலோ, லிட்டருக்கு 20 கிராம் கணக்கில் சோடா 1.3 கிலோ. சாயம் நூல் எடையில் 3 முதல் 4 சதவீதம். நூலை முதலில் சோடாவும் சோப்பும் போட்டுக் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பசை போக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாக ஏறும். சோடாவை முழுவதும் ஒரே தடவையில் கொட்டினாலும் அதே கதிதான். சாயத்தில் ஒரு பங்கு நூலோடு சேராமல் தண்ணீரோடு சேர்ந்துவிடும். அது நூலின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றத்தான் லிட்டருக்கு 2 கிராம் சோப்புப் போட்டுக் கொதிநீரில் 15 நிமிடம் வைத்து எடுப்பது. விறகு மிச்சம் பிடிக்க இந்த வேலையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சாயம் இறங்குவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

வாங்குமுன் சோதனை: சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்துப் பின்னி, கை பொறுக்காத சூட்டுச் சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு எடுங்கள். வெள்ளை இளஞ்சிவப்பானால் அந்த நூலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கறுப்பு கந்தகக் கறுப்பாக இருந்தால் விலை மலிவு, நிறம் நிற்கும். ஆனால் நூலில் தங்கும் கந்தகம் நாளடைவில் அமிலமாகி இழையை நைந்துபோகச் செய்யும். கடைசி அலசில் சோடியம் அசிட்டேட் சேர்த்தார்களா என்று கேளுங்கள். வருஷக்கணக்கில் பெட்டியில் மடித்து வைக்கப்போகிற வாத்தியக் குழுத் துணிக்கு இது அவசியம்.

இன்னொன்று. சிவப்பு இரண்டு கொப்பரையாகத்தான் வரும் என்றால், ஒரு கொப்பரையைப் பாவுக்கும் மற்றதை ஊடைக்கும் முழுமையாக ஒதுக்குங்கள். பாவுக்குள்ளேயே இரண்டும் கலந்தால் பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.


வீரவநல்லூர் தறிவீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாலு விழுதுக்கு மாத்திருதோம். இன்னும் ரெண்டு சந்தேகம். பள்ளியில சிவப்பு எந்தச் சிவப்புன்னு சொல்லல. குங்குமச் சிவப்பா, அரக்கா? அப்புறம் தொப்பியில சுத்த 2 அங்குல நாடா மாதிரி கொஞ்சம் வேணும்ங்காங்க. அதுக்கு இதே கட்டத்தைச் சின்னதாக்கணும். எவ்வளவு தூரம் குறைக்கலாம்?


பழைய பட்டர்ன்:

சிவப்பைப் பற்றி: டார்டனில் கட்டிப்போடுவது இழைக்கணக்கும் நிற வரிசையும்தான்; சிவப்பு என்றால் சிவப்பு, இன்ன சிவப்பு என்று கட்டாயமில்லை. ஸ்காட்லாந்து ஆலைகளே ஒரே கட்டத்தை மூன்று நான்கு சாயலில் விற்கின்றன. ‘மாடர்ன்’ என்பது அடர்த்தியான நிறம். ‘ஏன்ஷியன்ட்’ என்பது வெளிறிய நிறம், சிவப்பு அதில் ஆரஞ்சுப் பக்கம் சாயும். ‘வெதர்டு’ என்பது வெயிலிலும் மண்ணிலும் கிடந்தது போன்ற பழுப்புச் சாயல். இவையெல்லாம் சாயத்தின் பெயர்கள், கட்டத்தின் வயதைச் சொல்வன அல்ல. அரக்குச் சிவப்பு வேண்டாம், கறுப்போடு கலந்து செத்துப்போகும். பளிச்சென்ற சிவப்பையே பள்ளிக்குக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

பள்ளி விழா மலரில் போடக் கேட்டால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஸ்காட்லாந்து விடுதலைப் போர்த் தலைவர் வில்லியம் வாலஸ் 1305-இல் கொல்லப்பட்டவர். அவர் இந்தக் கட்டத்தை உடுத்தினார் என்று எழுதிவிடாதீர்கள். இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்ற ஏற்பாடு பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் உறுதிப்பட்டது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டு உடைக்கு 1746-இல் தடைச் சட்டம் வந்தது, 1782-இல் நீங்கியது. 1822-இல் பிரிட்டன் அரசர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது டார்டன் மோகம் பரவியது. ஸ்காட்லாந்தின் பானக்பர்ன் ஊரில் இருந்த வில்சன் நெசவாலை அதற்கு முன்பே, 1819-இல், கட்டங்களை இழைக்கணக்கோடு ஏட்டில் எழுதி வைத்திருந்தது. அதாவது இன்று உங்கள் கையில் இருக்கிற சீட்டு மாதிரிதான். அரசுப் பதிவேடு 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து 2009 முதல் நடக்கிறது. வாலஸ் பொதுவில் எவரும் உடுத்தும் கட்டம், கூச்சமில்லாமல் நெய்யலாம். பால்மோரல் போல அரச குடும்பத்துக்கென ஒதுக்கிய கட்டத்தை யாராவது கேட்டால் மட்டும் மறுத்துவிடுங்கள்.


மேலப்பாளையம் சாரம்:

தொப்பி நாடாவுக்கு 4, 32, 32, 4 என்ற மூலக் கணக்கையே வையுங்கள். 136 இழை உங்கள் அச்சில் இறக்கின பிறகு இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூட வரும், ஒரு நாடாவில் ஒரு முழுக் கட்டம் உட்காரும். மஞ்சள் நடுவில் வரும்படி, கறுப்புத் திருப்பத்தின் பாதியில் ஆரம்பித்துப் பாதியில் முடியுங்கள். ஓர இழையைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் கீழே 2, 16, 16, 2 என்று பாதியாக்கினால் கணக்கு சரிதான், கண்ணுக்குச் சரியில்லை. ட்வில் நான்கு இழைக்கு ஒருமுறை சுழல்வது. இரண்டே மஞ்சள் இழை இருந்தால் கோடு தொடர்ச்சியாகத் தெரியாது, அங்கங்கே புள்ளியாக மினுக்கும். மிகச் சின்னக் கட்டம் போடும்போது ஒல்லிக் கோட்டை மட்டும் விகிதத்தைவிடக் கொஞ்சம் தடிப்பாக வைப்பது அங்குள்ள ஆலைகளிலும் வழக்கம். அப்படிச் செய்தால் 4, 16, 16, 4 வையுங்கள். ஆனால் அது தோள் துணியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு கட்டம் மாதிரி தெரியும், இரண்டையும் ஒரே பையன் போடுவதாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.


அச்சுப்பல்லு:

வெட்டுதப்ப டேப்பை நம்பாதீங்க, துவைச்ச பிறகு கட்டத்தை எண்ணி வெட்டுங்க. ஒரு தோள் துணிக்கு 23 கட்டம்னா ஏறக்குறைய ரெண்டரை மீட்டர். 40 மீட்டருக்கு 370 கட்டம் வரும், 16 துணி தேறும். எல்லாத் துணியும் ஒரே பட்டையில, அகலக் கறுப்போட நடுவுல வெட்டு விழுத மாதிரி பாத்துக்கிடுங்க. குஞ்சம் விடணும்னா ரெண்டு முனையிலயும் 3 அங்குலத்துக்கு ஊடையை உருவி, 8 இழைக்கு ஒரு முடிச்சாப் போடுங்க. கறுப்பு, சிவப்பு, மஞ்சள் எல்லாமே எட்டுல அடங்குததால ஒரு முடிச்சுல ரெண்டு நிறம் கலக்காது. முதல் முடிச்சை மஞ்சள்ல போட்டுட்டு ரெண்டு பக்கமும் போனா எண்ணிக்கை தப்பாது.